சிறு துப்பாக்கி வாங்குமுன்

கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் கூட்டம் நடத்தச் செல்லும்போதெல்லாம், பிள்ளைகளின் கல்வி, வீட்டுடைமை, சேமநிதி ஆகியவற்றைப் பேசி முடித்தபின், கடைசி வரிசையிலிருந்து ஒரு கேள்வி எழுவது வழக்கமாகிவிட்டது. "ஐயா, குறி பார்த்துப் பழகவும், அணில் எலி சுடவும் ஒரு சின்னத் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா? எது நல்லது?" என்பதே அக்கேள்வி. கேட்பவர் பெரும்பாலும் இளைஞராகவே இருப்பார். தம் கைப்பேசியில் ஒரு காற்றுத் துப்பாக்கியின் படத்தையும் விலையையும் காட்டவும் செய்வார். சிரித்து மழுப்பிவிட்டு வரக்கூடிய கேள்வியன்று இது. எனவே இவ்விதழில் சற்று விரிவாகவே விடை கூறுகின்றேன்.

'சின்ன' என்னும் சொல்தான் முதலில் நம்மை ஏமாற்றுவது. துப்பாக்கியின் அளவைக் குழலின் உள்விட்டத்தைக் கொண்டு குறிப்பர். காற்றுத் துப்பாக்கிகளில் பரவலாக வழங்குவது 4.5 மில்லிமீட்டர். வெடிமருந்தால் இயங்கும் சிறு ரைபிள்களில் பரவலானது 5.6 மில்லிமீட்டர், இதனையே அங்குலக் கணக்கில் 'பாயிண்ட் டுவெண்டி டூ' என்கின்றனர். இரண்டிற்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் சொச்சமே வேறுபாடு. ஆனால், போட்டிக்குரிய காற்றுத் துப்பாக்கியின் ஈயச் சன்னம் அரை கிராம் எடையுடன் ஏறத்தாழ 8 ஜூல் விசையோடு வெளிப்படுகிறது. டுவெண்டி டூ தோட்டாவின் குண்டோ 2.6 கிராம் எடையுடன் நொடிக்கு 330 மீட்டர் வேகத்தில் கிளம்பி, 140 ஜூல் அளவு விசையைத் தாங்கிச் செல்கிறது. அதாவது பதினைந்து மடங்குக்கும் மேல். தடுப்பார் இல்லையெனில் அக்குண்டு ஒன்றரைக் கிலோமீட்டர் வரையிலும் போகும். நம் தோட்டங்கள் பலவற்றில் லயத்திலிருந்து பள்ளியையும் கோயிலையும் கடந்து பெருஞ்சாலையை எட்டுவதற்கு அத்தனை தூரம் இராது.

இங்கே நம் வட்டாரத்தின் நில அமைப்பையும் நினைத்துப் பார்க்க வேண்டும். புக்கிட் மெலாவத்தி போன்ற ஒன்றிரண்டு குன்றுகளை நீக்கினால், கோல சிலாங்கூரிலிருந்து தஞ்சோங் காராங் வழியாகச் சபாக் பெர்ணம் வரையிலும் கடலோரச் சமவெளியே. குறி தவறிய குண்டை ஏற்று நிறுத்த மேடும் இல்லை, மண்கரையும் இல்லை. போதாக்குறைக்கு, செம்பனை வரிசைகளினூடே நீர் நிறைந்த வாய்க்கால்கள் ஓடுகின்றன. தாழ்ந்த கோணத்தில் நீர்ப்பரப்பின்மீது படும் சிறு குண்டு மூழ்குவதில்லை. பிள்ளைகள் குளத்தில் ஓட்டாஞ்சில்லு எறிந்தால் தத்திச் செல்வதுபோல் தெறித்து வேறு திசையில் பாயும். அது எத்திசை என்பதைச் சுட்டவராலும் சொல்ல இயலாது.

அத்திசையில் யார் இருப்பார்? குலை வெட்டுபவர் நிமிர்ந்து நிற்பதால் ஓரளவு கண்ணுக்குப் படுவார். உதிரிப்பழம் பொறுக்குபவர் அப்படியல்லர். அவர் நாள் முழுவதும் குனிந்தபடியே, வெட்டி அடுக்கிய மட்டைகளுக்கு அப்பால் இருப்பார். அவருடைய கோணி உரசும் ஓசையும், புதரில் ஏதோ மேயும் ஓசையும் ஒன்றுபோலவே கேட்கும். காட்டுப்பன்றி என்று எண்ணி உடன் வந்தவரையே சுட்டுவிட்ட செய்தியை நம் நாட்டு நாளிதழ்களில் நாம் ஒரு முறையன்று, பலமுறை படித்திருக்கின்றோம். துப்பாக்கி எது என்று கேட்குமுன், குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும் என நான் கூட்டங்களில் சொல்லி வருவது இதனால்தான்.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். காற்றுத் துப்பாக்கி விளையாட்டுப் பொருள்தானே என்னும் எண்ணம் நம்மவரிடையே வேரூன்றியிருப்பதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டுத் திருவிழாக்களில் பலூன் சுடும் கடைகளை நம்மில் பலர் பார்த்திருக்கின்றோம். இந்தியாவின் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள், குறைந்த விசையுள்ள 4.5 மில்லிமீட்டர்க் காற்றுத் துப்பாக்கிகளுக்கு உரிமத்திலிருந்து விலக்கும் அளித்துள்ளன. ஆனால் அது அங்குள்ள சட்டம். நம் நாட்டின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமோ, 'ஆயுதம்' என்னும் சொல்லுக்குப் பொருள் கூறும் இடத்திலேயே காற்றுத் துப்பாக்கியையும் பெயர் சொல்லிச் சேர்த்துவிட்டது. உரிமம் இன்றி வைத்திருப்பவருக்கு ஏழாண்டு வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். வழக்கு 1971ஆம் ஆண்டுச் சுடுகலன் (கூடுதல் தண்டனை) சட்டத்தின்கீழ் வருமானால், சிறைத்தண்டனை பதினான்கு ஆண்டு வரை செல்லும். ஆறுக்குக் குறையாத பிரம்படியும் உண்டு. அசல் போலத் தோன்றும் போலித் துப்பாக்கியை வைத்திருப்பதும் குற்றமே. இணையக் கடையில் விற்கிறார்கள் என்பதும், அஞ்சலில் வீடு தேடி வந்துவிட்டது என்பதும் நீதிமன்றத்தில் எடுபடாத வாதங்கள்.

இவ்வளவு கடுமை ஏன் என்று சிலர் வியக்கலாம். அச்சட்டம் பிறந்த ஆண்டு விடை சொல்லும். 1948இல் தொடங்கிய அவசரகாலம் 1960 ஜூலை இறுதியில்தான் முடிவுற்றது. தோட்டங்களைச் சுற்றி முள்வேலியும், வாயிலில் சிறப்புக் காவலர்களும் இருந்த அந்நாட்களைப் பற்றி முதியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். உரிமமற்ற துப்பாக்கி அன்று மரண தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது.

உரிமம் வழங்குவதும் மறுப்பதும் மாநிலப் போலீஸ் தலைவரின் அதிகாரத்தில் உள்ளவை. விண்ணப்பத்தை மாவட்டப் போலீஸ் தலைமையகத்தின் வழியாக அளிக்கலாம். தேவை என்ன, பாதுகாப்பாக வைக்கும் இடம் எது, விண்ணப்பிப்பவர் எத்தகையவர் என்பனவெல்லாம் ஆராயப்படும். பொழுதுபோக்கு என்னும் காரணம் மட்டும் போதியதாகக் கருதப்படும் என்று எதிர்பார்க்க வேண்டாம். உரிமம் ஒருவர் பெயருக்கு உரியது. அண்ணன் பெற்ற உரிமத்தைக் கொண்டு தம்பி சுடுதல் ஆகாது.

அப்படியானால் குறி பார்த்துச் சுடும் கலையை நம் பிள்ளைகள் கற்கவே கூடாதா? தாராளமாகக் கற்கலாம்; ஆனால் செம்பனைக்காட்டில் அன்று. அதற்குரிய இடம் அங்கீகாரம் பெற்ற சுடுதளமும் சங்கமுமே. நம் சிலாங்கூரிலேயே சுபாங்கில் தேசியச் சுடுதளம் இருக்கிறது. அத்தகைய இடங்களில் துப்பாக்கியும் சன்னமும் ஆயுதக் கிடங்கில் பூட்டப்பட்டிருக்கும். பயிற்றுநரின் கட்டளைக்கு ஏற்பவே கையில் எடுக்கவும் கீழே வைக்கவும் வேண்டும். தொடங்குவோருக்கு ஏற்றது 10 மீட்டர்க் காற்று ரைபிள் என்பதில் எனக்கு ஐயமில்லை. சன்னத்தின் விலை குறைவு. ஓசையும் அதிர்வும் குறைவு. தன் பிழையைத் தானே காண இயலும். குறியட்டையில் பத்துப் புள்ளிக்குரிய நடுப்பொட்டு அரை மில்லிமீட்டர்தான். ஏறக்குறைய ஒரு முற்றுப்புள்ளி. தமிழ்நாட்டில் கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2019இல் ரியோ உலகக் கிண்ணப் போட்டியில் தங்கம் வென்றது இப்பிரிவில்தான். நம் நாட்டு வீராங்கனை நூர் சூர்யானி தாய்பி, எட்டு மாதக் கர்ப்பிணியாக 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நின்று சுட்டதும் இதே 10 மீட்டர்க் காற்று ரைபிளைக் கொண்டுதான்.

சங்கத்தில் சேர்ந்தபின் துப்பாக்கியைத் தெரிவு செய்யும்போது, விலையையும் தோற்றத்தையும் விட உடலுக்குப் பொருந்துகிறதா என்பதையே பார்க்க வேண்டும். போட்டி விதிப்படி 5.5 கிலோ வரை எடை இருக்கலாம். பதின்மூன்று வயதுப் பிள்ளை அதைத் தாங்கி நிற்க முயன்றால் முதுகு வளையும், குறியும் ஆடும். தோளில் பதியும் கட்டை நீளமாக இருந்தால் கழுத்தை நீட்டியே பார்க்க நேரும். மற்றொன்று, ஆதிக்கக் கண் எது என்று அறிவது. எதிர்ச்சுவரில் ஒரு புள்ளியை இரு கண்ணாலும் பார்த்து விரலால் சுட்டுங்கள். பின் ஒரு கண்ணை மூடுங்கள். விரல் புள்ளியிலேயே நின்றால் திறந்திருக்கும் கண்ணே ஆதிக்கக் கண். விரல் விலகித் தோன்றினால் மூடிய கண். வலக்கையால் எழுதுபவருக்கு இடக்கண் ஆதிக்கமாக இருப்பதுண்டு. (வகுப்பறையில் இதனைச் செய்து காட்டிய காலத்தில், கண்ணாடி தேவைப்படும் மாணவர்களையும் கண்டுபிடித்திருக்கின்றேன்.) காற்று ரைபிளில் கை நிலைத்தபின் டுவெண்டி டூ ரைபிளில் 50 மீட்டருக்கு முன்னேறலாம். அப்போதும் ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் இட்டுச் சுடும் வகையே நன்று. அடுத்த தோட்டா தானே வந்து நிற்காதபோது, முதல் தோட்டாவைப் பற்றிச் சிந்திக்கப் பழகுகிறோம்.

எலி, அணில் என்ற பேச்சுக்கு வருவோம். 1917ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கொன்னியே இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை அமைத்தது நம் கோல சிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். செம்பனை பரவப் பரவ எலிக்கும் விருந்து பெருகியது. ஒரு ஹெக்டேரில் எலிகள் நூற்றுக்கணக்கில் இருக்கக்கூடும். அவை இரவில் வெளிவருபவை. மாலைதோறும் ஓர் இளைஞர் ஐந்து எலிகளைச் சுட்டு வீழ்த்தினாலும் அவற்றின் பெருக்கத்திற்கு அது ஈடாகாது. இதற்குத் தோட்டங்கள் கண்ட நல்ல வழி கூகை. கம்பத்தின்மேல் பெட்டி அமைத்தால் அது குடியேறுகிறது. ஒரு இணையும் அதன் குஞ்சுகளும் ஆண்டொன்றுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளைத் தின்கின்றன. கூகை அலறினால் சாவு விழும் என்று அஞ்சி அதனைக் கல்லால் அடிக்கும் வழக்கம் இன்னும் சில லயங்களில் இருக்கிறது. சம்பளம் வாங்காத காவல்காரனை அடிப்பதற்கு அது ஒப்பாகும், சட்டப்படி குற்றமுங்கூட. வீட்டைச் சுற்றி வரும் எலிக்குக் கூண்டுப்பொறி போதும். கண்டபடி நஞ்சு வைத்தால், நஞ்சுண்ட எலியைத் தின்று கூகையும் மடியும்.

காட்டுப்பன்றியின் தொல்லை வேறு வகையானது. இளங்கன்றுகளைக் கிளறித் தின்னும்போது விளையும் நட்டம் சிறிதன்று. ஆயினும் அதற்குச் சிறு ரைபிள் முற்றிலும் தவறான கருவி. டுவெண்டி டூ குண்டு பன்றியை உடனே வீழ்த்தாது. காயமுற்ற பன்றி மறுநாள் புல்வெட்டச் செல்பவர்மீது பாயும். போலீசின் ஆயுத உரிமத்தோடு, 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வனவிலங்கு, தேசியப் பூங்கா இலாகாவின் வேட்டை உரிமமும் பெற்றவரே அவ்வேலையைச் செய்யலாம். தோட்ட நிர்வாகம் எழுத்து மூலம் இலாகாவுக்குத் தெரிவிப்பதே முறை. பிரட்டில் அறிவித்து, அன்று அப்பகுதிக்கு எவரும் வேலைக்கு அனுப்பப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கம்பிக்கண்ணி வைப்பதும் தடை செய்யப்பட்டதே. அது பன்றிக்கும், முழுப் பாதுகாப்புப் பெற்ற அழுங்குக்கும் வேறுபாடு பாராது.

கடைசியாக ஒன்று. பாட்டனார் காலத்துப் பழைய துப்பாக்கி பரண்மேல் கிடப்பதாகச் சிலர் என் காதோடு சொல்வதுண்டு. உரிமம் பெற்றவர் இறந்தபின் அது மற்றச் சொத்துகளைப்போல் பிள்ளைக்கு வந்து சேர்வதில்லை. அதனைத் துடைத்துப் பார்க்கவோ, விசையைத் தொட்டுப் பார்க்கவோ, கோணியில் சுற்றிப் பேருந்தில் கொண்டு செல்லவோ வேண்டாம். இருந்த இடத்திலேயே விட்டு, பிள்ளைகளை அப்புறப்படுத்தி, பழைய உரிமத்தாள் இருந்தால் அதனை மட்டும் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள போலீஸ் நிலையத்திற்குச் சென்று தெரிவியுங்கள். அவர்களே வந்து எடுத்துச் செல்வர். தனியே செல்லத் தயங்குவோர் தோட்டத் தலைமைக் கிராணியையோ, தொழிற்சங்கப் பிரதிநிதியையோ துணைக்கு அழைத்துக்கொள்ளலாம்.