எமது வீட்டிற்கு எத்தனை அம்பியர் மின்சாரம் வேண்டும்?

எரிவாயு அடுப்பை அகற்றி மின்னடுப்புப் பொருத்தவோ மின்சாரக் கார் வாங்கவோ எண்ணும் குடும்பங்களில் முதலில் எழும் கேள்வி ஒன்றுண்டு. இப்போதுள்ள மின்னிணைப்புப் போதுமா, அல்லது பெரியதொன்றுக்கு விண்ணப்பிக்க வேண்டுமா? தேவையற்ற இணைப்புக்குப் பெருந்தொகை செலவிடுவோரும் உளர். போதாத இணைப்பின் மீது மேலும் மேலும் சுமையேற்றுவோரும் உளர். இரண்டாமவரின் நிலை ஆபத்தானது.

இக்கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. 1969 இல் மெல்பேண் நகருக்கு இயற்கை எரிவாயு வந்து சேர்ந்தது. அதன் பின் கட்டப்பட்ட வீடுகளில் சமையல், வெந்நீர், குளிர்கால வெப்பமூட்டல் ஆகிய மூன்றையும் எரிவாயுவே சுமந்தது. எனவே மின்சாரத்துக்குப் பெரிய வடம் இடவேண்டிய தேவை எழவில்லை. ரோவில் வீடுகளிற் பெரும்பாலானவை அக்காலத்துக்கு உரியவையே. லற்றோப் பள்ளத்தாக்கின் மின்சாரத்தைப் பெறும் 500,000 வோல்ற் மின்நிலையம் இதே ஊரில் இருந்தும், வீட்டு வாசலில் எமக்குக் கிடைப்பது அந்த மெல்லிய வடம் தருமளவே! 2024 தை முதலாந் திகதி தொடக்கம் விக்டோரியாவில் திட்ட அனுமதி வேண்டிய புதிய வீடுகளுக்கு எரிவாயு இணைப்பு இல்லை. பழைய வீட்டினரும் படிப்படியாக மாறவேண்டிய காலம் வந்துள்ளது.

முதலில் மீற்றர்ப் பெட்டியை நோக்குவோம். பிரதான ஆளியில் 63, 80, 100 போன்ற இலக்கமொன்று காணப்படும். அது ஒரு குறிப்பு மாத்திரமே. உண்மையான எல்லையை வடத்தின் தடிப்பும், மின்விநியோக நிறுவனம் முத்திரையிட்டுள்ள உருகியுமே வரையறுக்கின்றன. அம்பியரை 230 வோல்ற்றாற் பெருக்கினால் 63 அம்பியர் ஏறக்குறைய 14.5 கிலோவாற்; 80 அம்பியர் 18.4 கிலோவாற். ஊரில் 30 அம்பியர் இணைப்பில், அதாவது ஏழு கிலோவாற்றுக்குள், குடும்பம் நடத்திய நமக்கு இது தாராளமாகவே தோன்றும்.

இனிச் சுமையைக் கணக்கிடுவோம். மின்னடுப்பின் எல்லாத் தட்டுகளும் 7 கிலோவாற், வெதுப்படுப்பு 3, தொட்டி வெந்நீர்க் கருவி 3.6, வீடு முழுவதற்குமான குளிரூட்டி 5, கார் மின்னேற்றி 7.4. மொத்தம் 26 கிலோவாற், அதாவது 113 அம்பியர். இக்கூட்டுத்தொகையைக் கண்டே பலர் அஞ்சிப் பெரிய இணைப்பைத் தேடுகின்றனர்.

ஆனால் யாழ்ப்பாணத்துத் தோட்டத்தில் ஒரே கிணற்று நீரை எல்லாப் பாத்திகளுக்கும் ஒரே நேரத்தில் யார் திறந்துவிட்டார்கள்? முறை வைத்தே இறைத்தோம். காரை நள்ளிரவுக்குப் பின் ஏற்றலாம். வெந்நீரை நண்பகலில், ஏறக்குறைய ஒரு கிலோவாற் மாத்திரமே கொள்ளும் வெப்பப் பம்பியினாற் சூடாக்கலாம். எஞ்சுவது 15 கிலோவாற், அதாவது 65 அம்பியர். இது 80 அம்பியருக்குள் அடங்கும். 63 அம்பியர் இணைப்பாயின், அடுப்புகள் சூடேறியபின் விட்டுவிட்டே இயங்குவதால் அதிலும் அடங்கக்கூடும். அதை மின்வினைஞர் கணக்கிட்டே சொல்ல வேண்டும். கணக்கிடல், மதிப்பிடல், அளத்தல், மட்டுப்படுத்தல் என நான்கு வழிகளை இந்நாட்டு மின்னிணைப்பு விதிகள் அனுமதிக்கின்றன.

எமது கருத்தில் அளத்தலே சிறந்தது. விக்டோரியாவில் 2009 முதல் பொருத்தப்பட்ட நவீன மீற்றர்கள் அரைமணிக்கொரு தடவை பாவனையைப் பதிந்துள்ளன. அப்பதிவை விநியோக நிறுவனத்திடமோ விற்பனை நிறுவனத்திடமோ கேட்டுப் பெறலாம். ஆயினும் அரைமணிச் சராசரி சில நிமிட உச்சத்தை மறைத்துவிடும். சாதாரண வார நாட்களை மட்டும் பார்ப்பதும் தவறு. இங்கே தைப்பொங்கல் நடுக்கோடையில் வருகிறது: நாற்பது பாகை வெயில், குளிரூட்டி முழுவீச்சில், வீடு நிறைய விருந்தினர், நான்கு தட்டிலும் சமையல். அந்நாளே கணக்குக்குரிய நாள்.

மூன்றுகட்ட இணைப்பு சிலருக்கு மெய்யாகவே வேண்டும். 11 கிலோவாற் மின்னேற்றிக்கும், மிகப் பெரிய குளிரூட்டிக்கும், கொல்லையில் இரண்டாவது மனை கட்டுவோருக்கும் அது பொருந்தும். கட்டமொன்றுக்கு 40 அம்பியர் எனில் மொத்தம் 27.6 கிலோவாற். ஆயினும் ஒரு கட்டத்தின் மிச்சத்தை மற்றொன்று கடன் வாங்க முடியாது. சுமையைச் சமமாகப் பங்கிடாவிடில் ஒரு கட்டம் மாத்திரம் விழுந்துவிடும். வடம் நிலத்தடியில் வரும் தெருக்களில் முற்றத்தைத் தோண்டவும் நேரலாம். ஆகையால் விநியோக நிறுவனத்தின் விலைமதிப்பைப் பெறுமுன், வீட்டின் மொத்தச் சுமையை அளந்து தானாகவே தணியும் கார் மின்னேற்றியின் விலையையும் கேட்டறிதல் நன்று. நாளொன்றுக்கு நாற்பது ஐம்பது கிலோமீற்றர் ஓடுபவருக்குச் சாதாரண 10 அம்பியர்ச் செருகியே இரவு முழுதும் போதுமானது.

ஆளி அடிக்கடி விழுகிறதென்று அதைப் பெரிய இலக்கமுடையதாக மாற்றச் சொல்லுதல் மட்டும் ஆகாது. ஆளி காப்பது கருவியையன்று, சுவருக்குள் ஓடும் வடத்தை. வடம் மெல்லியதாயிருக்க ஆளியைப் பெருப்பித்தால், விழவேண்டிய ஆளி விழாது. சூடேறுவது சுவருக்குள்ளே, எவர் கண்ணிலும் படாமல். எனவே பதிவுபெற்ற மின் ஒப்பந்தகாரரையே அழைத்தல் வேண்டும். வேலை முடிந்ததும் அவர் தரவேண்டிய மின் பாதுகாப்புச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, வீட்டு உறுதியோடு சேர்த்து வைத்துக்கொள்வோம்.