இல்லத்துத் திண்ணையும் இளம்பிள்ளைக் கல்வியும்

ஒன்றாம் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான மூன்று ஆண்டுகளே ஒரு குழந்தையின் கல்விக்கு அடித்தளம் இடும் ஆண்டுகள். எழுத்தைக் கூட்டிப் படிக்கவும், எண்ணின் மதிப்பை உணரவும் அக்காலத்தில் பழகாத பிள்ளைக்கு மேல்வகுப்புப் பாடநூல்கள் எல்லாம் பூட்டிய பெட்டிகளே. 'பிள்ளை மக்கு' என்பார் சிலர். 'படிப்பு ஏறவில்லை' என்பார் வேறு சிலர். உண்மை யாதெனில், இடவேண்டிய காலத்தில் அடித்தளம் இடப்படவில்லை என்பதே.

இதனைப் பெருந்தொற்றுக் காலத்தில் நாம் கண்கூடாகக் கண்டோம். 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள், தமிழகத்தில் ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. 2020-இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் பதிவான குழந்தை, முதன்முதலாக வகுப்பறையில் வந்து அமர்ந்தபோது இரண்டாம் வகுப்பில் இருந்தது! அவ்விழப்பை ஈடுசெய்யவே 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கிற்று. எட்டு வயதுக்குள் ஒவ்வொரு குழந்தையும் பிழையின்றிப் படிக்கவும், அடிப்படைக் கணக்குகளைச் செய்யவும் வேண்டும் என்னும் குறிக்கோளுடன் 2022 சூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. பள்ளி மூடிய காலத்திலும் மூடாத பள்ளி ஒன்று இருந்தது. அதுவே நமது இல்லம். அப்பள்ளியை நாம் எவ்வாறு நடத்துகிறோம் என்பதே இங்கு எழும் கேள்வி.

வீட்டுப்பாடம் வேறு, வீட்டுக் கல்வி வேறு

2018-இல் சென்னை உயர் நீதிமன்றம், ஒன்று, இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு வீட்டுப்பாடம் தரலாகாது என ஆணையிட்டது. அவ்வாண்டு நவம்பரில் மத்திய அரசும் அதனையே வலியுறுத்தி, அவ்விரு வகுப்பினரின் புத்தகப் பை ஒன்றரைக் கிலோவுக்கு மேற்படலாகாது என்றும் வரையறுத்தது. 'அப்படியானால் பிள்ளை மாலையில் என்ன செய்யும்?' என்று பெற்றோர் பலர் திகைத்தனர். ஒரு சொல்லை நூறு முறை எழுதுவது மட்டுமே படிப்பு என்று நாம் எண்ணிப் பழகியதால் வந்த திகைப்பு அது.

நம் பங்கின் இல்லங்களைச் சந்திக்கச் சென்றபோது, பூ விற்றுப் பிழைக்கும் தாய் ஒருவர் நம்மிடம் முறையிட்டார்: "சாமி, எனக்கு எழுத்து வாசனையே கிடையாது. இரண்டாவது படிக்கிற பிள்ளைக்கு நான் என்னத்தைச் சொல்லிக் கொடுப்பேன்? விற்கிற காசில் பாதி டியூசனுக்குப் போகிறது. அப்படியும் கழித்தல் கணக்கு வரவில்லை."

"நாள் முழுதும் முழம் போட்டு அளக்கிறாயே, நூறு ரூபாய் நோட்டுக்கு மீதிச் சில்லறை எண்ணிக் கொடுக்கிறாயே, அதெல்லாம் கணக்கு இல்லையா அம்மா?" என்று கேட்டோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. தாம் அறிந்ததைக் கல்வி என்று அவரிடம் இதுவரை எவரும் சொன்னதில்லை! வீட்டில் இருந்த புதுத் துடைப்பத்திலிருந்து சில ஈர்க்குகளை உருவித் தரும்படி கேட்டோம். அன்று அத்தாயும் மகனும் செய்ததையே முதற் பயிற்சியாக இங்குத் தருகிறோம்.

ஈர்க்கும் புளியங்கொட்டையும்

ஈர்க்குகளை விரல் நீளத்துக்கு ஒடித்து, பத்துப் பத்தாக நூலால் கட்டுங்கள். கட்டு ஒன்று பத்து; தனிக்குச்சி ஒன்று. 52 என்றால் ஐந்து கட்டுகளும் இரண்டு குச்சிகளும். அதிலிருந்து 27-ஐக் கேளுங்கள். ஏழு குச்சி கொடுக்கப் பிள்ளையிடம் இரண்டே இருக்கும். அப்போது அதுவே ஒரு கட்டை அவிழ்க்கும். இப்போது குச்சிகள் பன்னிரண்டு. ஏழு போக ஐந்து. எஞ்சிய நான்கு கட்டுகளில் இரண்டு போக இரண்டு. விடை 25. 'பக்கத்து வீட்டில் கடன் வாங்கு' என்று கரும்பலகையில் சொன்னபோது விளங்காதது, கட்டை அவிழ்த்த விரல்களுக்கு விளங்கிவிடும்.

பல்லாங்குழியை மறந்துவிட்டோம். இருபுறமும் ஏழேழாகப் பதினான்கு குழிகள்; குழிக்கு ஐந்து புளியங்கொட்டை இட்டால் மொத்தம் எழுபது. பலகை இல்லையேல் மண்ணில் குழி பறித்தாலே போதும். கொட்டைகளை ஒவ்வொன்றாக இட்டுச் செல்கையில், 'எந்தக் குழியில் எடுத்தால் எங்கே போய் முடியும்?' என்று பிள்ளை முன்கூட்டியே எண்ணத் தொடங்கும். பாட்டிமார் இவ்விளையாட்டின் பேராசிரியர்கள்; அவர்களையே பிள்ளைக்கு எதிரே அமர்த்துங்கள். ஆனால் தவழும் குழந்தை வீட்டில் இருந்தால், ஆட்டம் முடிந்ததும் கொட்டைகளை எண்ணி டப்பாவில் மூடி வைத்துவிட வேண்டும். வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொண்டால் ஆபத்தாகும்.

கோலமும் முழமும்

வாசலில் வரிசைக்கு ஐந்தாக ஐந்து வரிசை நேர்ப்புள்ளி வையுங்கள், எண்ணினால் 25. அடுத்த நாள் ஊடுபுள்ளியாக, நடுவில் ஐந்தும், இருபுறமும் நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று எனக் குறைத்தும் வையுங்கள். பிள்ளையை எண்ணச் சொன்னால் அதுவும் 25! 'இரண்டும் எப்படி ஒன்றாகும்?' என்று பிள்ளை கேட்கட்டும். விடையை உடனே சொல்லிவிட வேண்டாம். புள்ளிகளை இடம் மாற்றி வைத்துத் தானே காணட்டும். கோலம் வெறும் பொழுதுபோக்கு அன்று. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமனியும் அவருடன் பணியாற்றிய அறிஞர்களும் 1974-லேயே கோலத்தின் அமைப்பைக் கணித, கணினியியல் ஆய்வுக்கு உரிய பொருளாக்கினர்.

மேசை எத்தனை சாண் என்று தந்தை அளக்கட்டும். பிறகு பிள்ளை அளக்கட்டும். இரு விடைகளும் வேறுபடும். 'யாருடைய சாண் சரி?' என்னும் வழக்கு எழும்போது அடிக்குச்சியை எடுத்து நடுவர் ஆக்குங்கள். அளவுகோல் எதற்காகப் பிறந்தது என்பதை அக்குழந்தை ஆயுளுக்கும் மறவாது.

எழுத்தும் கதையும்

தமிழ் எழுத்துகள் 247 என்றதும் பிள்ளை மலைக்கிறது. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, இவை கூடிப் பிறக்கும் உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று. குடும்பத்தை அறிந்தால் பிள்ளைகளை அறிவது எளிதன்றோ! பழைய நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் எழுத்துகளை எழுதி, அட்டையில் ஒட்டி வெட்டிக்கொள்ளுங்கள். முதலில் பிள்ளையின் பெயர், பின் வீட்டாரின் பெயர்கள், பின் கடைப்பலகையிலும் பேருந்திலும் கண்ட சொற்கள் என்று அட்டைகளை அடுக்கச் செய்யுங்கள்.

தாம்பாளத்தில் மணலைப் பரப்பி விரலால் எழுதுவது நம் திண்ணைப் பள்ளிகளின் பழைய முறை. 1907-இல் ரோமில் ஏழைக் குழந்தைகளுக்காகத் தம் முதல் பள்ளியை நடத்திய மரியா மாண்டிசோரி அம்மையாரும், சொரசொரப்பான உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி, குழந்தைகளை விரலால் தடவச் செய்தார். 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்த அவர், போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கித் தம் முறையை வளர்த்தார். விரல் கற்றதை மனம் எளிதில் விடாது என்பதை நம் முன்னோரும் அறிந்திருந்தனர்; அவரும் அறிந்திருந்தார்.

வாரம் ஒரு நாள் பிள்ளை ஒரு கதை சொல்லட்டும். எழுதத் தெரிந்த அண்ணனோ அக்காவோ அதனைச் சொன்னவாறே எழுதி, நான்கு தாளாகத் தைத்துக் கொடுக்கட்டும். தான் சொன்ன கதையைப் பிள்ளை எத்தனை முறையும் சலிக்காமல் படிக்கும்.

பயறும் நிழலும்

இரண்டு குவளைகளில் ஈரப் பஞ்சிட்டுப் பாசிப்பயறு போடுங்கள். ஒன்றைச் சாளரத்தில் வையுங்கள். மற்றதை இருட்டறையில் மூடி வையுங்கள். ஓரிரு நாளில் இரண்டும் முளைக்கும். ஆனால் ஒரு வாரத்தில் இருட்டில் உள்ளது வெளிறி நெடிதாய்த் துவளும். ஒளியில் உள்ளது பசுமையாய் நிற்கும். நாள்தோறும் அதனைப் படமாக வரைந்து, தேதி இடச் செய்யுங்கள்.

முற்றத்தில் ஒரு குச்சியை நட்டு, காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் நிழலின் நுனியில் கல் வைக்கச் சொல்லுங்கள். சென்னையில் ஏப்ரல் இறுதிவாக்கில் ஒரு நாளும், ஆகஸ்டு நடுவில் ஒரு நாளும் நண்பகற் சூரியன் நேர் உச்சிக்கு வர, செங்குத்தான குச்சியின் நிழல் மறைந்துவிடும். ஏனைய ஊர்களில் அந்நாள்கள் சிறிது முன்பின்னாக அமையும். அந்நாளுக்காகக் காத்திருக்கும் பிள்ளை, அறிவியலின் வாசலில் நிற்கிறது.

பெற்றோர்க்குச் சில சொற்கள்

நாளொன்றுக்கு இருபது நிமிடம் போதும். அந்நேரத்தில் தொலைக்காட்சியும் கைப்பேசியும் ஓய்வெடுக்கட்டும், பெற்றோருடைய கைப்பேசியும் கூட! விளையாட்டைத் தேர்வாக்கி மதிப்பெண் இடாதீர்கள். 'அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்' என்னும் சொல் பிஞ்சு மனத்தைச் சுடும். இது தாயின் வேலை மட்டும் என்று தந்தையர் ஒதுங்கலாகாது. கொத்தனாரின் மட்டப்பலகையும், தையற்காரரின் அளவு நாடாவும், மளிகைக்கடைத் தராசும் நல்ல பாடக்கருவிகளே.

மற்றொன்றையும் கவனியுங்கள். எவ்வளவு முயன்றும் பிள்ளை எழுத்தைத் தடுமாறிப் படித்தால், புத்தகத்தை முகத்தருகே கொண்டு சென்றால், கூப்பிட்டதற்குத் திரும்பாமல் இருந்தால், அடிப்பதற்குக் கை ஓங்காதீர்கள். முதலில் கண்ணையும் காதையும் மருத்துவரிடம் காட்டுங்கள். கண்ணாடி ஒன்று இல்லாமையால் 'மக்கு' எனப் பெயர் பெறும் பிள்ளைகளும் உண்டு.

அந்தப் பூக்காரத் தாயின் மகன் சில வாரங்களில் கழித்தலைக் கற்றுக்கொண்டான். மாலையில் தாயின் கூடையருகே அமர்ந்து மீதிச் சில்லறை எண்ணித் தருவதும் இப்போது அவனே. தன் தாய்க்குக் கணக்குத் தெரியும் என்பதை அறிந்ததில்தான் அவனுக்குப் பெருமை மிகுதி.

அன்புப் பெற்றோரே, இவை அனைத்தையும் ஒரே நாளில் செய்ய வேண்டுவதில்லை. இன்று மாலை ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். வீட்டில் துடைப்பமும் புளியங்கொட்டையும் இருக்கின்றன. வேண்டியது பிள்ளையின் எதிரே நீங்கள் தரையில் அமர்வது ஒன்றே.