‘டோட்’ என்னும் தேரை

மழை ஓய்ந்த இரவில், கோப்பெங் போன்ற பேராக் ஊர்களில், விளக்கடிக்கு வந்து பூச்சி பிடிக்கும் சொரசொரப்பான உயிரைத் தமிழர் தேரை என்பர். மலாய்க்காரர் ‘காத்தாக் புரு’ என்பர். ‘புரு’ என்றால் சொறிபுண். ஆங்கிலத்தில் இதன் பெயர் ‘டோட்’. ‘ஃபிராக்’ என்பதோ தவளை. தவளைக்கு ஈரமான வழுவழுப்பான தோலும் நெடிய பின்னங்கால்களும் உண்டு. தேரைக்கு உலர்ந்த, கொப்புளம் நிறைந்த தோலும் குட்டைக் கால்களும் உண்டு.

‘டோட்’ பழைய ஆங்கிலத்தில் ‘டாடிகெ’ என வழங்கிற்று. அதற்கும் முந்திய வேர் மொழிநூலார்க்கு இன்னும் புலப்படவில்லை. ஆயினும் அதிலிருந்து கிளைத்த சொற்கள் பல. ‘டாட்போல்’ என்பதில் ‘டாட்’ தேரை, ‘போல்’ தலை. உடலெல்லாம் தலையாய்த் தோன்றுவதால் வந்த பெயர் அது. நம் ‘தலைப்பிரட்டை’யிலும் தலையே முன் நிற்கக் காண்கிறோம். நச்சுக் காளானை ஆங்கிலேயர் ‘டோட்ஸ்டூல்’, அதாவது தேரையின் முக்காலி என்றனர். நாமோ காளானை நாய்க்குடை என்கிறோம்.

முகத்துதி செய்பவனைக் குறிக்கும் ‘டோடி’ என்ற சொல்லின் கதை சுவையானது. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் போலி மருத்துவர் சிலர், தம் ஏவலாளைத் தேரை தின்னவோ, தின்பதுபோல் நடிக்கவோ செய்வர். பின்னர் நஞ்சை முறித்ததாகக் காட்டித் தம் மருந்தை விற்பர். அந்த ஏவலாளே ‘தேரைதின்னி’. தலைவனுக்காக எதையும் செய்பவனுக்கு அப்பெயர் பின்னர் ஆகிவந்தது.

தேரையிடம் நஞ்சு உண்டென்பது மெய்யே. கண்களுக்குப் பின்னுள்ள சுரப்பிகளிலும் தோலிலும் உள்ள அந்நஞ்சு உண்டவரின் இதயத்தைத் தாக்கும். சமைத்தாலும் முற்றும் நீங்காது. தவளை இறைச்சி உண்போர் உள்ள இந்நாட்டில், இரு சொற்களையும் ஒன்றாக்கிக் கற்பித்தல் உயிருக்கே கேடாகலாம்.

ஆனால், நம்மவர் தேரைமேல் ஏற்றிய வேறு பழிகள் பொய். பருப்பற்ற தேங்காயைத் ‘தேரை விழுந்தது’ என்கிறோம். மகரந்தச் சேர்க்கைக் குறையும் மண்ணில் சத்துக் குறையுமே அதற்குக் காரணங்கள். தேரை தேங்காய்க்குள் புகுவதில்லை. மெலிந்து வாடும் குழந்தையையும் ‘தேரை விழுந்த பிள்ளை’ என்பதுண்டு. இவ்வழக்கு தீங்கானது. பழி தேரைமேல் போக, பிள்ளைக்கு வேண்டிய உணவும் மருத்துவமும் தாமதமாகின்றன. தேரை என்ற சொல்லைப் பாடம் சொல்லும் ஆசிரியர் இதனையும் மாணவர்க்கு எடுத்துரைப்பாராக.