புல்லுக்குள் புல்: கோல்ஃப் மைதானத்துக் களைகள்

எந்தச் செடிக்கும் 'களை' என்பது பிறவிப் பெயர் அல்ல. வேண்டாத இடத்தில் முளைத்தால் எதுவும் களைதான். நம்மூர் விவசாயி வரப்பிலிருந்து வயலுக்குள் இறங்கும் அருகம்புல்லைக் கொத்தியே அலுத்துப்போகிறார். இங்கே தில்லியில் அதே அருகைத்தான் நாங்கள் தண்ணீரும் உரமும் கொடுத்துச் சீராட்டுகிறோம். தலைநகர்ப் பகுதிக் கோல்ஃப் மைதானங்களில் புல் பராமரிப்பே என் பிழைப்பு. "மருந்தடிச்சாப் போகாதா சார்?" என்று சங்க நண்பர்கள் கேட்பார்கள். போகும், ஆனா திரும்பி வரும். ஏன் வருகிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பந்தைக் குழிக்குள் உருட்டும் இடத்துக்குக் 'கிரீன்' என்று பெயர். அங்கே புல்லை 3, 4 மில்லிமீட்டர் உயரத்தில் வெட்டுவார்கள். அதற்கென்றே அமெரிக்காவின் டிஃப்டன் என்ற ஊரில் உருவாக்கிய கலப்பின அருகுகள் உண்டு. இவை முளைக்கும் விதை கட்டுவதில்லை. தண்டுத் துண்டுகளை நட்டுத்தான் பரப்ப வேண்டும். வேடிக்கை என்னவென்றால், இதற்கு நடுவே நம் நாட்டு அருகு புகுந்தால் அதுவும் களைதான்! இரண்டும் நெருங்கிய சொந்தம். ஒன்றைக் கொன்று மற்றதைக் காக்கும் மருந்துக்கு எங்கே போவது? குர்பியால், அதாவது நம்மூர்க் களைக்கொத்து போன்ற ஒன்றால், வேரோடு தோண்டி எடுக்க வேண்டியதுதான்.

மற்ற களைகள் பருவம் பார்த்து வருகின்றன. தில்லிக் குளிரில் அருகு பழுப்பேறி உறங்கிவிடும். அப்போது போவா அன்னுவா என்ற புல் வெளிர் பச்சைத் திட்டுகளாகக் கிளம்பும். எவ்வளவு குட்டையாக வெட்டினாலும் இது விதை கட்டிவிடும். வெயில் ஏறியதும் தானே செத்துப்போகும். 'விட்டது சனி' என்று நாம் இருந்தால், அது விட்டுப்போன வெற்றிடத்தில் கிராப்கிராஸும் கூஸ்கிராஸும் குடியேறும். கூஸ்கிராஸ் நம் கேழ்வரகுக்கு நெருங்கிய உறவு. கதிரைப் பார்த்தாலே தெரியும், அதே விரல் விரித்த அமைப்பு. தரையோடு படுத்து வளர்வதால் வெட்டும் எந்திரத்துக்கு எட்டாது.

ஒவ்வொரு களையும் மண்ணைப் பற்றி ஒரு சேதி சொல்கிறது. கூஸ்கிராஸ் கூட்டமாக நின்றால், கால்மிதியிலும் வண்டிப் போக்கிலும் மண் இறுகிவிட்டது என்று பொருள். கோரை மண்டினால் தண்ணீர் தேங்குகிறதா என்று பார்க்க வேண்டும். கோரை புல்லினமே அல்ல. தண்டை உருட்டிப் பார்த்தால் மூன்று பட்டை தெரியும். பிடுங்கினாலும் அடியிலிருக்கும் கிழங்கு மறுபடி முளைக்கும். மரநிழலில் புல் மெலிந்து களை வந்தால் குற்றம் நிழலுடையது. அருகுக்கு முழு வெயில் வேண்டும்.

ஆகவே முதல் வைத்தியம் மண்ணுக்கு. இறுகிய இடத்தில் உள்ளீடற்ற கம்பிகளால் மண்துண்டுகளை எடுத்து, அந்தத் துளைகளில் மணலிட வேண்டும். தினமும் தெளிப்பதை விட்டு, இடைவெளி கொடுத்து ஆழமாக நீர் பாய்ச்ச வேண்டும். அருகு வளரும் மாதங்களில் உரமிட்டால் அது நெருங்கிப் படர்ந்துவிடும். களை விதை முளைக்க வெளிச்சமோ இடமோ கிடைக்காது.

அதற்குப் பிறகுதான் மருந்து. பென்டிமெத்தலின் போன்றவை முளைக்கும் விதையைத்தான் தடுக்கும்; வளர்ந்து நிற்கும் களையை ஒன்றும் செய்யாது. மண்வெப்பம் 13 டிகிரியை எட்டும்போதே கிராப்கிராஸ் முளைக்கத் தொடங்கும். தில்லியில் பிப்ரவரி நடுவைத் தாண்டினால் காலம் கடந்துவிட்டது. இன்னொன்றும் உண்டு. இதே மருந்து அருகின் ஓடுதண்டுகள் புதிதாக வேர் விடுவதையும் தடுக்கும். மொட்டைத் திட்டில் அடித்தால் களை வராது, புல்லும் மூடாது.

போட்டி நெருங்கும் நேரத்தில், "நாளைக்கே சுத்தமாகணும்" என்று ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்கச் சொல்பவர்கள் உண்டு. மருந்துக்குச் சாகாத ஒன்றிரண்டு செடிகளே பிழைத்து விதை போடும். சில ஆண்டுகளில் அவையே பெருகிவிடும். கிளைஃபோசேட்டுக்கு அசையாத கூஸ்கிராஸ் 1997-லேயே மலேசியாவில் பதிவாகிவிட்டது. மருந்தடிப்பவரின் உடம்பையும் நினைக்க வேண்டும். கையுறையும் முகமூடியும் இல்லாமல், கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு தெளிப்பவர்களை இந்த ஊரில் நான் நிறையப் பார்க்கிறேன்.

கோல்ஃப் நமக்கெதுக்கு என்று நினைக்க வேண்டாம். நம் காலனிப் பூங்காவிலும், குழந்தைகள் ஓடியாடும் அடுக்ககப் புல்தரையிலும் இதே அருகு, இதே களைகள்தான். அடுத்த முறை குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் "மருந்தடிக்கலாம்" என்ற பேச்சு எழுந்தால், முதலில் மண்ணில் ஒரு இரும்புக் கம்பியைக் குத்திப் பாருங்கள். அது இறங்க மறுத்தால் வாங்க வேண்டியது மருந்தல்ல, மணல்.