இரு பரப்புகளுக்கு இடையே ஒரு திண்மம்

கடலூர் மாவட்டம் நெய்வேலியில் 1957-ஆம் ஆண்டு பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் தோண்டத் தொடங்கிய நாள் முதல், அங்கு பொறியாளர்கள் இரண்டு அளவுகளை இடைவிடாமல் கணக்கிட வேண்டியுள்ளது. நிலத்தின் மேற்பரப்புக்கும் கரிப்படிவத்தின் மேல்முகத்துக்கும் இடையே அகற்றப்பட வேண்டிய மண் எவ்வளவு என்பது ஒன்று. படிவத்தின் மேல்முகத்துக்கும் அடிமுகத்துக்கும் இடையே கிடைக்கக்கூடிய கரி எவ்வளவு என்பது மற்றொன்று. நிலத்தடியில் கிடக்கும் அந்த இடைவெளியை யாரும் நேரில் கண்டதில்லை. ஆங்காங்கே துளையிட்டு எடுத்த மண் மாதிரிகள் தரும் ஆழ அளவுகளைக் கொண்டே அதன் வடிவம் ஊகிக்கப்படுகிறது. கேட் எனப்படும் கணினி வரைவு மென்பொருள்கள் அந்த ஊகத்துக்கு நீளம், அகலம், உயரம் என மூன்று பரிமாணமும் கொண்ட முழு உருவத்தைத் தருகின்றன. அதுவே திண்ம மாதிரி.

அதற்கு முதல் படி பரப்பை உருவாக்குவது. நில அளவையாளர் குறித்த ஒவ்வொரு புள்ளிக்கும் கிழக்கு, வடக்கு, உயரம் ஆகிய மூன்று எண்கள் உண்டு. இப்புள்ளிகளை மென்பொருள் மும்மூன்றாக இணைத்து, ஒழுங்கற்ற முக்கோணங்களாலான வலை ஒன்றைப் பின்னுகிறது. எந்த மூன்று புள்ளிகளை இணைப்பது என்பதற்கு ரஷ்யக் கணிதவியலாளர் போரிஸ் டெலோனே 1934-இல் வெளியிட்ட விதி பயன்படுகிறது: ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகள் வழியாகச் செல்லும் வட்டத்துக்குள் வேறெந்தப் புள்ளியும் இருக்கக்கூடாது. இவ்விதியால் நீண்டு மெலிந்த முக்கோணங்கள் இயன்றவரை தவிர்க்கப்படுகின்றன. ஆயினும் ஓடைக்கரை, மேட்டின் விளிம்பு போன்று நிலம் சட்டென்று மடியும் கோடுகளை விதி தானாக அறியாது. அவற்றை அளவையாளரே முறிவுக் கோடுகளாக வரைந்து கொடுக்காவிட்டால், முக்கோணம் ஓடையைக் குறுக்கே கடந்து, இல்லாத மண்ணை இருப்பதாகக் காட்டிவிடும்.

இவ்வாறு அமையும் பரப்புக்குத் தடிமன் கிடையாது. இரண்டு பரப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், மேலுள்ள முக்கோணங்களும் கீழுள்ளவையும் பொதுவாகப் பொருந்துவதில்லை. ஆகவே மென்பொருள் இரண்டின் கோடுகளையும் ஒரே தளத்தில் வீழ்த்தி, அவை வெட்டிக்கொள்ளும் இடங்களில் புதிய முனைகளை உண்டாக்கி, இரு பரப்புக்கும் பொதுவான சிறு முக்கோணங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொன்றும் மேலும் கீழும் சாய்ந்த முகமுடைய ஒரு பட்டகம். அதன் கன அளவு, தள முக்கோணத்தின் பரப்பளவை மூன்று முனைகளிலுள்ள இடைவெளிகளின் சராசரியால் பெருக்கக் கிடைப்பது. தளப் பரப்பு 200 சதுர மீட்டராகவும் இடைவெளிகள் 2.1, 2.4, 3.0 மீட்டராகவும் இருந்தால், சராசரி 2.5, கன அளவு 500 கன மீட்டர். பட்டகங்கள் அனைத்தையும் கூட்டினால் மொத்த அளவு கிடைத்துவிடும்.

எண் மட்டும் போதுமானால் வேலை அங்கேயே முடிந்துவிடும். ஆனால் அந்த எண்ணைப் பாதியாக வெட்ட முடியாது. மேல்முகம், அடிமுகம், சுற்றுச்சுவர் மூன்றும் இடைவெளியின்றி மூடி, நீர் புகாத ஓடுபோல் அமைந்த திண்மத்தையோ எப்படியும் வெட்டலாம்: இந்தப் படித்தளத்தில் எவ்வளவு, இந்த ஆண்டு தோண்டும் எல்லைக்குள் எவ்வளவு, குழாய் செல்லும் பகுதியைக் கழித்தால் எவ்வளவு என்று கேட்கலாம். ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் சிவில் 3டி மென்பொருள் பரப்பிலிருந்து திண்மம் எடுக்க மூன்று வழிகளைத் தருகிறது: குறிப்பிட்ட ஆழம் வரை, குறிப்பிட்ட மட்டம் வரை, மற்றொரு பரப்பு வரை. நெய்வேலி போன்ற அடுக்கடுக்கான நிலத்துக்கு உரியது மூன்றாவதே.

தொல்லை மிகுந்ததும் அதுதான். இரண்டு பரப்புகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் தடிமன் சுழியமாகிறது; அக்கோட்டுக்கு ஒரு புறம் மேலிருந்த பரப்பு மறுபுறம் கீழே போகிறது. அங்கே இரண்டு திண்மங்கள் ஒரு விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்பதால், பல மென்பொருள்கள் அவற்றை ஓருடலாக ஏற்க மறுக்கின்றன. வெட்டுக் கோட்டை முதலில் கண்டறிந்து, மண்ணை வெட்டியெடுக்கும் பகுதியையும் மண்ணிட்டு நிரப்பும் பகுதியையும் தனித்தனி எல்லைக்குள் அடைத்துத் திண்மமாக்குவதே தக்க தீர்வு. ஆள்கூறுகள், அதாவது புள்ளிகளின் இடத்தைக் குறிக்கும் எண்கள், மிகப் பெரிதாக இருப்பதும் ஒரு சிக்கலே. உலக வரைபட ஆள்கூற்று முறையில் நெய்வேலியின் வடக்கு அளவு 12 லட்சம் மீட்டருக்கும் மேல். அத்தனை பெரிய எண்களுடன் மில்லிமீட்டர் அளவிலான விளிம்புகளை ஒப்பிடும்போது கணினியின் தசம நுட்பம் தடுமாறக்கூடும் என்பதால், மாதிரியை அருகிலுள்ள உள்ளூர் மூலப் புள்ளிக்கு நகர்த்திச் செய்வது நல்லது.

கணிதம் சரியாக இருந்தும் விடை தவறலாம் என்பதே இத்துறையில் மிகவும் கவனிக்கத்தக்கது. தோண்டிய மண் தளர்ந்து பருமன் கூடும் என்பதால், திண்மம் காட்டும் கன அளவும் லாரிகள் சுமக்கும் அளவும் ஒன்றல்ல. அதைவிடப் பெரியது துளைகளின் நெருக்கம். இரண்டு துளைகளுக்கு நடுவே படிவம் மெலிந்தோ பிளந்தோ இருந்தால், மாதிரி அதை அறியாமல் வழவழப்பான முகத்தையே வரையும். நெய்வேலியில் கரிப்படிவத்துக்குக் கீழே அழுத்தம் மிகுந்த நிலத்தடி நீர் இருக்கிறது. சுரங்கத் தரை மேலெழும்பி வெடிக்காதிருக்க அந்நீரை ஓயாமல் இறைத்து அழுத்தத்தைக் குறைத்துவருகிறார்கள். அத்தகைய இடத்தில் அடிமுகத்தின் மட்டம் பிழைபட்டால், பிழை கன மீட்டர் கணக்கோடு நிற்பதில்லை. கீழே வேலை செய்பவர்களின் உயிரையும் தொடும்.

ஆகவே திண்ம மாதிரியை ஏற்பதற்கு முன், அதன் கன அளவைப் பட்டகக் கணக்கோடும், குறுக்குவெட்டுகளின் சராசரிப் பரப்பை அவற்றின் இடைத்தூரத்தால் பெருக்கும் பழைய முறையோடும் ஒப்பிட வேண்டும். சில துளைகளின் அளவுகளை மாதிரியில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்து, மாதிரி அவ்விடங்களில் என்ன ஆழம் சொல்கிறது என்றும் பார்க்க வேண்டும். சுரங்கமோ அணையோ சாலையோ எதுவாயினும், இத்தனை கன மீட்டர் என்று ஓர் எண் பொதுமக்கள் முன் வைக்கப்படும்போது, அதன் பின்னே எத்தனை துளைகள், எவ்வளவு இடைவெளியில், எந்த ஆண்டில் போடப்பட்டன என்ற விவரமும் சேர்த்தே வெளியிடப்பட வேண்டும்.