யாருடைய கயிற்றில் தொங்குகிறோம்?

நல்லூர்ப் பக்கத்தில் வெளிநாட்டில் பிள்ளை இல்லாத வீடு குறைவு. அந்தப் பிள்ளைகள் துபாய்க்கோ சுவிஸின் இன்டர்லாக்கனுக்கோ விடுமுறையில் போனால், விமானத்திலிருந்து குதிக்கிற வீடியோ ஒன்று வட்ஸ்அப்பில் வந்து சேரும். வீட்டில் அதற்கு வழக்கமாக இரண்டு மறுமொழிகள்: "உனக்கென்ன விசரோ?" அல்லது "என்ன துணிவு!" இரண்டும் குறி தவறியவை. முதல் தடவை குதிக்கிறவர் பெரும்பாலும் தனியாகக் குதிப்பதில்லை. டாண்டம் எனப்படும் இந்த முறையில் பயிற்றுநரின் நெஞ்சோடு அவருடைய முதுகு சேர்த்துப் பூட்டப்படுகிறது. தோளில் இரண்டு, இடுப்பில் இரண்டு என நான்கு கொளுக்கிகள். பரசூட் இருப்பது பயிற்றுநரின் முதுகில். எப்போது குதிப்பது, எந்த உயரத்தில் விரிப்பது, எங்கே இறங்குவது எல்லாம் அவருடைய பொறுப்பு. வந்தவர் உடலை வில்லாக வளைக்க வேண்டும், நிலம் நெருங்கும்போது காலைத் தூக்கிப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆகவே எவ்வளவு துணிந்தார் என்பதைவிட, யாரை நம்பித் துணிந்தார் என்று கேட்பதே பொருத்தம்.

நல்லூர் ஆட்களுக்கு இது விளங்காத சங்கதியல்ல. கந்தனின் 25 நாள் திருவிழாவில் தேரன்று உழவு இயந்திரத்தில் பூட்டிய மரத்திலிருந்து தூக்குக் காவடி தொங்கி வருகிறது. தொங்குகிறவரின் உறுதியைப் பார்த்துக் கை கூப்புகிறோம். ஆனால் அவருடைய உடலைக் காப்பது, பாரம் ஒரே இடத்தில் இழுபடாமல் முதுகிலும் காலிலும் பகிர்ந்து செடில் குத்தத் தெரிந்த ஒரு கை. அந்தக் கை யாருடையது என்று வீட்டார் முன்கூட்டியே விசாரித்திருப்பார்கள். நேர்த்தியையும் பொழுதுபோக்கையும் ஒரே தராசில் வைப்பதா என்று பக்தர்கள் கேட்கலாம். நோக்கத்தை நான் ஒப்பிடவில்லை; பாரத்தைப் பகிர்வதையும் கையை விசாரிப்பதையும் மட்டுமே ஒப்பிடுகிறேன்.

விமானம் ஏறுவது பெரும்பாலும் 10,000 முதல் 15,000 அடி வரை. 13,000 அடி என்று வைத்தால், பீதுருதாலகால மலையின் ஒன்றரை மடங்குக்கும் மேல். அங்கிருந்து ஏறத்தாழ ஒரு நிமிடம் வெறும் விழுகை, மணிக்கு 200 கிலோமீற்றரை ஒட்டிய வேகம். இருவரின் பாரம் சேர்ந்தால் வேகம் இதையும் தாண்டிப் போய்விடும் என்பதால், குதித்தவுடன் ஒரு சிறிய பரசூட்டைப் பின்னால் இழுபட விடுகிறார்கள், அது கடிவாளம். 5,000 அடியளவில் பெரியது விரிகிறது. அது விரியாவிட்டாலோ சிக்கினாலோ அதைக் கழற்றி எறிந்துவிட்டு மாற்றுப் பரசூட்டை விரிக்கலாம். அமெரிக்காவில் இந்த மாற்றுப் பரசூட்டை, உரிமம் பெற்றவர் 180 நாளுக்கு ஒருமுறை பிரித்துச் சோதித்து மடிக்க வேண்டும் என்பது சட்டம். பயிற்றுநரே மயங்கிவிட்டால்? அதற்கும் ஒரு கருவி உண்டு. காற்றழுத்தத்தை அளந்துகொண்டே வரும் அது, 2,000 அடியை நெருங்கியும் வேகம் குறையவில்லை என்றால் தானாகவே மாற்றுப் பரசூட்டைத் திறந்துவிடும். 1991இல் நம்பகமான மின்னணுக் கருவி சந்தைக்கு வந்தபின் இது பரவலாயிற்று. அமெரிக்கப் பரசூட் சங்கத்தின் கணக்கில், 2023இல் அந்நாட்டில் நடந்த 36 இலட்சத்துக்கும் மேற்பட்ட குதிப்புகளில் இறந்தவர்கள் 10 பேர். டாண்டத்தில் கூடப் போகிறவருக்கு ஆபத்து இன்னும் குறைவு: ஏறத்தாழ ஐந்து இலட்சம் குதிப்புக்கு ஒரு சாவு.

அப்படியென்றால் பயமே வேண்டாமா? வேண்டும், ஆனால் பயப்பட வேண்டிய இடம் பெரும்பாலும் வானத்தில் இல்லை, அலுவலகத்தில் இருக்கிறது. 2016 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் லோடை என்ற ஊரில் முதல் தடவை குதித்த 18 வயது இளைஞனும் அவனுடைய பயிற்றுநரும், பரசூட் சரியாக விரியாமல், இறந்தார்கள். விசாரித்தபோது, அந்தப் பயிற்றுநருக்கு முறையான தகுதிச் சான்றிதழே இல்லை என்று தெரிந்தது. பயிற்றுநர்களுக்கே பயிற்சி கொடுத்தவர், தன் அதிகாரம் நிறுத்திவைக்கப்பட்ட பிறகும், இன்னொருவரின் கையெழுத்தைப் பயன்படுத்திப் பாடம் நடத்திப் பணம் வாங்கியிருந்தார். 2024இல் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. அமெரிக்க விதிப்படி டாண்டம் பயிற்றுநருக்கு மூன்று ஆண்டு அனுபவமும் 500 குதிப்புகளும் வேண்டும். விதி கடுமையானதுதான், அதைப் பொய்யாக்க ஒரு கையெழுத்துப் போதுமாக இருந்தது.

இன்னொரு மறுப்பு நம்முடைய மண்ணுக்கே உரியது. பொம்மரின் இரைச்சல் கேட்டுப் பங்கருக்குள் ஓடிய தலைமுறை இங்கே இன்னும் உயிரோடிருக்கிறது. வானம் என்றால் தலையில் விழுவது என்று பழகியவர்களுக்கு, காசு கொடுத்து அதிலிருந்து விழுகிற பேரப்பிள்ளையைப் பார்த்தால் எரிச்சல் வருவது நியாயம். அந்த எரிச்சலைச் சமாதானப்படுத்த முயல்வது அநாகரிகம். ஆயினும் ஒன்றைச் சொல்லலாம். பங்கரில் இருந்தவரால் மேலே பறந்தவனிடம் எதையும் கேட்க முடியவில்லை, எதையும் சரிபார்க்கவும் முடியவில்லை. இன்று குதிக்கப் போகிற பிள்ளைக்கு அந்த வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் போவதைத்தான் நான் விசர் என்பேன். பணக்காரக் கூத்து என்கிற குற்றச்சாட்டுக்கு என்னிடம் மறுப்பில்லை. கூத்துத்தான்.

கேட்க வேண்டியவை சிக்கலானவை அல்ல. அந்த நாட்டுச் சங்கத்தின் பதிவு இருக்கிறதா, பயிற்றுநர் எத்தனை ஆண்டாகக் குதிக்கிறார், தானியங்கிக் கருவி பூட்டப்பட்டிருக்கிறதா என்று கேட்டால் நல்ல நிலையத்தில் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். எடைக்கு வரம்பு உண்டு, நூறு கிலோவை ஒட்டி. வயதுக்கும் உண்டு: பிரித்தானியாவில் பெற்றோர் சம்மதத்துடன் 16, அமெரிக்காவில் பொதுவாக 18. கடலடியில் ஸ்கூபா செய்தவர் ஒரு நாளாவது பொறுக்க வேண்டும். சாதாரணப் பயணக் காப்புறுதி பலவற்றில் ஸ்கை டைவிங் விலக்கப்பட்டிருக்கும். குதிக்குமுன் நீட்டப்படும் பல பக்கப் படிவம், விபத்து நேர்ந்தால் வழக்குப் போடும் உரிமையைக் கைவிடச் சொல்கிறது. வரிசையில் நிற்பவர்கள் அதை வாசிக்காமலே கையெழுத்து வைக்கிறார்கள். பிறகு நல்லூருக்கு வந்து சேரும் வீடியோவில் பிள்ளையின் முகம், பறக்கும் தலைமயிர், தூரத்துக் கடல் எல்லாம் இருக்கும். பின்னால் கறுப்புக் கண்ணாடியோடு சிரிக்கிறவரின் பெயரைக் கேட்டால் அநேகமாகப் பிள்ளைக்கு நினைவிராது.