எதிராளியைத் தானே பொறுக்கிக்கொண்ட வேட்பாளர்

அமெரிக்க செனட்டில் மாநிலத்துக்கு இரண்டே இடங்கள். ஏறத்தாழ 4 கோடிப் பேர் வாழும் கலிபோர்னியாவுக்கும் அதே கணக்குதான். பதவியில் இருப்பவர் ஒதுங்கி இடம் காலியானால், அடுத்த வாய்ப்பு எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. 1992 முதல் கலிபோர்னியாவின் செனட்டராக இருந்த டயான் ஃபைன்ஸ்டைன், இனிப் போட்டியில்லை என்று 2023 பிப்ரவரியில் அறிவித்தார், செப்டம்பரில் காலமானார். மாற்றாக ஆளுநர் நியமித்த லஃபோன்ஸா பட்லரும் தேர்தலில் நிற்கவில்லை.

ஆடம் ஷிஃப், கேட்டி போர்ட்டர், பார்பரா லீ எனக் கீழவை உறுப்பினர்கள் மூவர் அந்த இடத்துக்கு மோதினார்கள். மூவரும் ஜனநாயகக் கட்சி. அங்கே முதற்கட்டத் தேர்தல் கட்சிவாரியாக நடப்பதில்லை. எல்லாக் கட்சிக்காரர்களும் ஒரே வாக்குச்சீட்டில் நிற்பார்கள். முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் நவம்பரில் மோதுவார்கள். 2010இல் மக்கள் வாக்களித்து ஏற்ற ஏற்பாடு இது. இருவரும் ஒரே கட்சியாகவும் அமையலாம். 2016இல், திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தைப் பூர்விகமாகக் கொண்ட கோபாலனின் பேத்தி கமலா ஹாரிஸ் செனட்டரானபோது, எதிர்த்து நின்ற லொரெட்டா சான்செஸும் சொந்தக் கட்சிக்காரர்தான்.

ஷிஃப் அந்த நிலையை விரும்பவில்லை. நவம்பர் வரை போர்ட்டரோடு மல்லுக்கட்டுவதைவிடக் குடியரசுக் கட்சியின் ஸ்டீவ் கார்வியை, அதாவது முன்னாள் பேஸ்பால் நட்சத்திரத்தை, எதிர்கொள்வது சுலபம். கையில் பணமும் இருந்தது. 'கார்வி ட்ரம்புக்கு இருமுறை வாக்களித்தவர்' என்று விளம்பரங்களைக் கொட்டினார். கேட்பதற்கு வசவு, குடியரசுக் கட்சி வாக்காளருக்கோ செலவில்லாத சிபாரிசு. சரியான நிந்தாஸ்துதி! இதைக் கண்டித்த போர்ட்டரும், எரிக் எர்லி என்ற வேறொரு குடியரசுக் கட்சிக்காரரை முன்னிறுத்தி விளம்பரம் செய்து, கார்வியின் வாக்குகளைப் பிரிக்கப் பார்த்தார். அது எடுபடவில்லை.

2024 மார்ச் 5 முதற்கட்டத் தேர்தலின் முடிவு: ஷிஃப், கார்வி இருவருக்கும் 31 சதவீதத்துக்குச் சற்று மேல். போர்ட்டருக்குச் சுமார் 15, லீக்குச் சுமார் 10.

உண்மையில் தேர்தல் அன்றே முடிந்துவிட்டது. 1988க்குப் பிறகு கலிபோர்னியாவில் குடியரசுக் கட்சி ஒரு செனட் தேர்தலிலும் வென்றதில்லை. நவம்பரில் ஷிஃப் ஏறத்தாழ 59 சதவீதம் பெற்றார். கட்சிகளின் பிடியைத் தளர்த்தக் கொண்டுவந்த முறை, பணபலம் உள்ளவர் தன் எதிராளியைத் தானே பொறுக்கிக்கொள்ள இடம்கொடுத்தது. ஷிஃப் செய்ததில் சட்டமீறல் ஏதுமில்லை; ஓட்டை முறையில்தான் இருக்கிறது.